நாலு நாள் பயணமும் செவில் நகரத்து மினாராவும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

சென்ற வாரம் இஷாவுக்குப் பிறகு எமது வட்ஸ்அப்புக்கு ஒரு குரல் பதிவு வந்தது. எம்மிடம் உயர்தரத்தில் வரலாறு படித்த பிள்ளை. இப்போது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரத்தில் மேற்படிப்புப் படிக்கிறார். "சேர், நாலு நாள் லீவு கிடைச்சிருக்கு. நாங்க நாலு பேர், ஒரு வாடகைக் கார். கிராண்ட் கன்யன், அன்டிலோப் கன்யன், மொனுமென்ட் வெலி, சயன், பிரைஸ், ஆர்ச்சஸ் எல்லாம் பார்க்கணும். நீங்கதான் ஒரு பிளான் போட்டுத் தரணும்."

கடவுச்சீட்டு எடுத்து நாம் போன ஒரே பயணம் உம்றாதான். அந்தப் பிள்ளையோ அமெரிக்காவில் இருந்துகொண்டு புத்தளத்தில் இருக்கும் எம்மிடம் அமெரிக்காவுக்கு வழி கேட்கிறார். சிரிப்பு வந்தாலும் மறுக்க மனம் வரவில்லை. மெப்பையும் புத்தகங்களையும் விரித்து வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் உட்கார்ந்தோம்.

அந்தக் குரல் பதிவோடு ஒரு படமும் வந்திருந்தது. செந்நிறப் பாறைகளுக்கு மேல் பெரிய எழுத்தில், "கிராண்ட் கன்யனை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம்! மறைக்கப்பட்ட வரலாறு!" என்று. "இது உண்மையா சேர்?" என்று கீழே கேட்டிருந்தார். இதே படம் எமது ஊர்க் குழுக்களிலும் சுற்றியது. பகிர்ந்தவர்களில் நமது நண்பர்களும் உண்டு, கோபிக்க வேண்டாம். அதற்கு விடை சொல்லப் போய்த்தான் பதிவு இவ்வளவு நீண்டது.

முதலில் பயணம். கன்யன் என்றால் ஆறு பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய ஆழமான பள்ளத்தாக்கு. கிராண்ட் கன்யனை அறுத்தது கொலராடோ ஆறு. ஆற்றின் வழியே அளந்தால் அதன் நீளம் 277 மைல், அதாவது 446 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை எமது முழு நாட்டின் நீளமே அதைவிடச் சற்றுக் குறைவு! ஆழம் ஏறக்குறைய ஒரு மைல். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவின் விளிம்பில் நின்று தலை சுற்றியவர்கள், அதைக் கிட்டத்தட்ட இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இந்தப் பக்க விளிம்பிலிருந்து அந்தப் பக்க விளிம்புக்குப் பறவை பறந்தால் பத்து மைல். கார் போனால் சுற்றிக்கொண்டு 200 மைலுக்கும் மேல். அங்கே மெப்பில் பக்கத்தில் தெரிவதெல்லாம் பக்கம் அல்ல.

ஆகவே வெட்ட வேண்டியதை வெட்டினோம். ஆர்ச்சஸ் யூட்டா மாநிலத்தின் கிழக்குப் பக்கம், சயன் அதே மாநிலத்தின் தென்மேற்கு மூலை. நாலு நாளில் இரண்டையும் சேர்த்தால் பார்ப்பது தார் றோட்டை மட்டும்தான். மொனுமென்ட் வெலியையும் விட்டோம். பிரைஸ், நேரம் மிஞ்சினால். மீதியை இப்படி அமைத்தோம்: முதல் நாள் பீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் வழியாக கிராண்ட் கன்யனின் தெற்கு விளிம்பு. இரண்டாம் நாள் காலை கன்யன், பின்னேரம் கிழக்கே இறங்கி கமரன் என்ற சிற்றூர் வழியாக பேஜ் நகரம். மூன்றாம் நாள் காலை அன்டிலோப் கன்யன், பிறகு சயன். நாலாம் நாள் சயனைப் பார்த்துவிட்டு லாஸ் வேகாஸில் காரைக் கொடுத்துவிட்டு விமானம். "ஒரே ஊர்ல எடுத்து வேற ஊர்ல குடுத்தா காசு கூட சேர்" என்றார். கூடத்தான். ஏழு மணித்தியாலம் தூக்கக் கலக்கத்தில் ஓட்டித் திரும்பி வருவதைவிட அது மலிவு.

இனி அந்தப் படத்துக்கு வருவோம்.

படம் சொல்லும் ஆள் எஸ்தெபான். மொரோக்கோவின் அஸம்மூர் நகரத்தைச் சேர்ந்தவர். அடிமையாக விற்கப்பட்டு, 1528இல் ஸ்பானியர்களின் ஒரு பயணக் குழுவோடு புளோரிடாவில் கரையிறங்கினார். அந்தக் குழுவில் நூற்றுக்கணக்கானோர் அழிந்துபோக, நாலே நாலு பேர் எட்டு ஆண்டுகள் அலைந்து 1536இல் மெக்சிகோவில் ஸ்பானியர்களைச் சென்றடைந்தார்கள். அந்த நால்வரில் அவர் ஒருவர். 1539இல் ஸ்பானியர்கள் அவரை வழிகாட்டியாக்கி வடக்கே அனுப்பினார்கள். இன்றைய நியூ மெக்சிகோவின் மேற்கே, ஸூனி மக்களின் ஹாவிக்கு என்ற ஊரில் அவர் கொல்லப்பட்டார். பெரிய வாழ்க்கைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கிராண்ட் கன்யனை அவர் கண்டதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. படத்தில் போட்டிருக்கும் 'முஸ்தபா' என்ற பெயரும் பிற்காலத்தவர்கள் இட்டது. அவருக்குத் தாயும் தகப்பனும் வைத்த பெயரை அவரை விலைக்கு வாங்கியவர்கள் எழுதி வைக்கவில்லை. எஸ்தெபான் என்பது ஞானஸ்நானப் பெயர். பெயரையே பறிகொடுத்த ஒருவருக்கு நாம் இஷ்டத்துக்கு இன்னொரு பெயரைச் சூட்டிச் சுவரொட்டி அடிப்பது மரியாதை என்று எமக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு, 1540இல், கொரொனாடோ என்பவரின் படை அதே திசையில் வந்தது. அதிலிருந்து கார்தெனாஸ் என்ற அதிகாரி சிலரோடு பிரிந்து, ஹோப்பி மக்கள் வழிகாட்ட, தெற்கு விளிம்பை அடைந்தார். ஐரோப்பியர் ஒருவர் கிராண்ட் கன்யனைக் கண்டதாகப் பதிவான முதல் சந்தர்ப்பம் அதுதான். மேலிருந்து பார்த்தபோது ஆறு ஒரு ஆள் அகலம்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். அது மிகவும் அகலமானது என்று கூட வந்தவர்கள் சொன்னதை நம்பவில்லை. மூன்று நாள் இறங்கும் வழி தேடினார்கள். ஒரு இடத்தில் மூன்று பேர் துணிந்து இறங்கி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரம் போய்விட்டுப் பின்னேரம் நாலு மணிபோல மேலே திரும்பி வந்தார்கள். மேலிருந்து ஒரு ஆள் உயரமாகத் தெரிந்த பாறைகள், கிட்டப் போனால் செவில் நகரத்துப் பெரிய கோபுரத்தைவிட உயரம் என்று சத்தியம் செய்தார்களாம். கடைசியில் தண்ணீர் இல்லாமல் படையோடு போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

இதை எழுதியவர் கஸ்தஞேதா. அவர் அந்தக் குழுவோடு கன்யனுக்குப் போனவர் அல்ல. போய் வந்தவர்கள் சொன்னதைப் பல ஆண்டுகள் கழித்து எழுதினார். உயர்தர மாணவர்கள் கவனிக்க, மூலாதாரத்தை வாசிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

செவில் நகரத்துப் பெரிய கோபுரம் எது தெரியுமா? ஹிரால்டா. இன்று கதீட்ரலின் மணிக்கூண்டு. ஆனால் அதைக் கட்டியவர்கள் ஸ்பெயினை ஆண்ட முவஹ்ஹிதுகள். 1184இல் தொடங்கி 1198இல் முடித்த பெரிய பள்ளிவாசலின் மினாரா அது. உள்ளே படிக்கட்டு கிடையாது. மேலே வரை சரிவுப் பாதைதான். 1248இல் செவில் கிறிஸ்தவ ஆட்சிக்குக் கைமாறிய பிறகு அதே கோபுரத்தில் மணி தொங்கியது.

இதைக் கண்டபோது நாம் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தோம். கிராண்ட் கன்யனைப் பற்றி ஐரோப்பிய மொழியில் எழுதப்பட்ட முதல் விவரணையில் அளவுகோலாக நிற்பது ஒரு மினாரா! பொய்யான படத்தைப் பகிரத் தேவையே இல்லை. உண்மை இதைவிட அழகாக இருக்கிறது. ஆனால் அதையும் வைத்து "நாம்தான் கண்டுபிடித்தோம்" என்று தொடங்கிவிடாதீர்கள். அங்கே பன்னிரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் நடமாடியிருக்கிறார்கள். ஹோப்பிகள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பள்ளத்தில் இறங்கி உப்பு எடுத்து வந்தவர்கள். அப்படியானால் மூன்று நாள் தேடியும் ஸ்பானியர்களுக்கு ஏன் வழி அகப்படவில்லை? வழி தெரிந்தவர்கள் வேண்டுமென்றே வாய் திறக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் ஐயுறுகிறார்கள். எமக்கும் அப்படித்தான் படுகிறது.

தம்பிக்கு இதிலிருந்து ஒரு பயண ஆலோசனையும் கிடைத்தது. அங்கே கண்ணை நம்பாதே. கீழே இறங்குவது இலகு, ஏறுவதுதான் பாடு. எமது மலைகளில் களைத்த கால் இறங்கி வீட்டுக்கு வரும். அங்கே களைத்த காலோடு ஏற வேண்டும், வெயில் ஏறிய பிறகு. ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்ப வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. பிரைட் ஏஞ்சல் பாதையில் முதல் ஒன்றரை மைலில் ஒரு ஓய்விடம் உண்டு. அதோடு திரும்பு என்று எழுதிக் கொடுத்தோம்.

உண்மையான ஹாஜியார் ஒருவரும் இந்தப் பாதையில் வருகிறார். 1855இல் அமெரிக்கக் காங்கிரஸ் 30,000 டொலர் ஒதுக்கி, பாலைவனத்தில் சாமான் சுமக்க ஒட்டகங்களை வாங்கி வரச் சொன்னது. 1856இலும் 1857இலும் இரண்டு கப்பல் தடவைகளில் எழுபதுக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள் டெக்சாஸ் கரையில் இறங்கின. ஒட்டகத்தைக் கட்டத் தெரிந்தவர்கள் அமெரிக்காவில் இல்லாததால் உஸ்மானிய நாடுகளிலிருந்து ஆட்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹாஜி அலி. அந்த நாக்குகளுக்கு 'ஹாஜி அலி' வராமல் 'ஹை ஜொலி' ஆகிவிட்டது. 1857இல் பீல் என்பவரின் தலைமையில் 25 ஒட்டகங்கள் அரிசோனாவின் குறுக்கே ஒரு வண்டிப் பாதையை அளந்து போயின. கோவேறு கழுதைகள் ஒட்டகத்தைக் கண்டால் மிரளும். ஆனால் கொலராடோ ஆற்றைக் கடக்கும்போது ஒட்டகங்கள் நீந்திக் கரையேற, சில குதிரைகளும் கோவேறு கழுதைகளும்தான் மூழ்கின. ஃபிளாக்ஸ்டாஃபில் தம்பி குறுக்கே கடக்கப்போகும் நெடுஞ்சாலை, அதற்கு முந்திய பிரபலமான 66ஆம் இலக்கப் பாதை, ரயில் பாதை எல்லாம் ஏறக்குறைய அந்த ஒட்டகத் தடத்தை ஒட்டியே போடப்பட்டன.

உள்நாட்டு யுத்தம் வந்ததும் ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது. சில ஏலம் போயின, சில பாலைவனத்தில் அலைந்தன. ஹாஜி அலி அங்கேயே தங்கி, சுமை காவி, இராணுவத்துக்கு வழிகாட்டி, தங்கம் தேடி வாழ்ந்தார். 1880இல் குடியுரிமை எடுத்தபோது பிலிப் டெட்ரோ என்று பதிந்தார். 1902இல் குவார்ட்ஸைட் என்ற ஊரில் மௌத்தானார். அவரது கப்றின் மேல் அந்த மாநில நெடுஞ்சாலைத் திணைக்களம் பின்னர் கல்லால் ஒரு சிறு பிரமிட்டைக் கட்டி, உச்சியில் ஒரு செப்பு ஒட்டகத்தை வைத்தது. அது பீனிக்ஸுக்கு மேற்கே, தம்பியின் வழியில் இல்லை. "இன்னொரு நாளைக்குப் போறேன் சேர்" என்று வாக்குத் தந்திருக்கிறார்.

அந்தப் பாதையின் மறுபக்கத்தையும் சொன்னோம். அது திறந்ததும் குடியேறிகளின் வண்டிகள் வந்தன. மொஹாவி மக்கள் எதிர்த்தபோது 1859இல் ஆற்றங்கரையில் கோட்டை எழுந்தது. நம்மவர் போட்ட தடம் இன்னொருவரின் நீரூற்றை நோக்கித்தான் போயிருக்கிறது.

இரண்டாம் நாள் பெற்றோல் அடிக்க நிற்கும் கமரன் என்ற ஊருக்கு வருவோம். அந்தப் பெயர் ரால்ஃப் கமரன் என்பவருடையது. கிராண்ட் கன்யனை ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1908இல் தேசிய நினைவுச்சின்னமாக்கினார். 1919இல் அது தேசியப் பூங்காவானது. இந்த மனிதர் அதற்கு முன்பே, பெறுமதியான கனியம் எதுவும் இல்லாத முக்கியமான இடங்களையெல்லாம் சுரங்கக் காணி என்று பதிந்து, பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்க ஆளுக்கு ஒரு டொலர் வாங்கினார். 1920இல் உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பாவம், ஓய்ந்துபோனார் என்று நினைக்காதீர்கள். அடுத்த ஆண்டே செனட்டராகி வொஷிங்டனில் போய் உட்கார்ந்தார். 1928இல்தான் பாதை முழுமையாகப் பூங்காவின் கைக்கு வந்தது.

அந்தப் பாதை கமரனுடையதும் அல்ல, பூங்காவுடையதும் அல்ல. ஹாவசுப்பாய் மக்கள் ஏறி இறங்கிய பாதை அது. நாலரை மைல் கீழே ஊற்று உள்ள ஒரு பசுந்தரையில் அவர்கள் தோட்டம் செய்தார்கள். கோடையில் கீழே பயிர், மாரியில் மேல்நிலத்தில் வேட்டை, இதுதான் அவர்களின் வருடம். 1882இல் அரசாங்கம் அவர்களுக்கென எல்லை கட்டியபோது மிஞ்சியது பள்ளத்தின் அடியில் 518 ஏக்கர். மேல்நிலம் முழுதும் போய்விட்டது. 1928இல், கமரனின் பாதை பூங்காவுக்கு வந்த அதே ஆண்டில், அந்த ஊற்றடித் தோட்டத்திலிருந்த கடைசிக் குடும்பமும் வெளியேற்றப்பட்டது. பாதைக்குக் காசு வாங்கியவருக்குச் செனட் ஆசனமும் ஒரு ஊரின் பெயரும். பாதையைப் போட்டவர்களுக்கு வெளியேற்றம்.

இந்த இடத்தில் தம்பி தொலைபேசியில் பேசாமல் இருந்தார். பிறகு, "சேர், எங்கட உம்மம்மாட காணியையும் இப்ப காடு எண்டுதானே சொல்றாங்க" என்றார்.

இதை வாசிக்கும் பலருக்கு விளக்கம் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து கையில் ஒரு பையோடு வந்து இறங்கியவர்கள் எமது ஊரிலும் எமது வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் குடும்பமும் அப்படி வந்ததுதான். இருபது வருடம் கழித்துத் திரும்பிப் போனபோது வளவில் மரம் வளர்ந்திருந்தது. இரண்டு கதையும் ஒன்றல்ல என்று நாம் சொன்னோம். வெளியேற்றியவர்கள் வேறு, காரணம் வேறு, காலம் வேறு. காடு வேண்டாம் என்றும் நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஒரு இடத்தை "மனிதர் கால் படாத இயற்கை" என்று யாராவது வர்ணித்தால், அங்கே யாருடைய கிணறு இருந்தது என்று கேட்கும் பழக்கம் எமக்கு வந்துவிட்டது. வில்பத்துவுக்கு ஜீப்பில் போனாலும் அதுதான், கிராண்ட் கன்யனுக்குக் காரில் போனாலும் அதுதான்.

ஹாவசுப்பாய்கள் விடவில்லை. கடிதம், மனு, சாட்சியம் என்று தலைமுறைகளாகக் கேட்டார்கள். 1975 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தின் மூலம் ஏறக்குறைய 185,000 ஏக்கர் மேல்நிலம் அவர்களிடம் திரும்பியது. அந்த ஊற்றடித் தோட்டத்துக்கு வெள்ளையர் வைத்த 'இந்தியன் கார்டன்' என்ற பெயரும் 2022இல் 'ஹாவசுப்பாய் கார்டன்ஸ்' என்று மாறியது. நாலு நாள் பயணத்தில் ஒரு பெயர்ப் பலகை மாறுவது சின்ன விஷயம்தான். ஆனால் அதற்கு 94 வருடம் ஆனது. பள்ளத்தின் அடியிலுள்ள அவர்களின் சுப்பாய் கிராமத்துக்கு இன்றும் தபால் கோவேறு கழுதையில்தான் போகிறது.

கமரனைத் தாண்டினால் நவஹோ மக்களின் நிலம். 27,000 சதுர மைலுக்கும் மேல், எமது நாட்டைவிடப் பெரியது. 1864இல் இராணுவம் அவர்களை முந்நூறு மைலுக்கும் மேல் நடத்திக்கொண்டு போய் நியூ மெக்சிகோவில் அடைத்து வைத்தது. அங்கே பயிர் விளையவில்லை, தண்ணீர் சரியில்லை, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1868இல் ஒப்பந்தம் செய்து சொந்த மண்ணுக்குத் திரும்பி நடந்தார்கள். வேறொரு இடத்தில் நிலம் தருகிறோம் என்ற பேச்சுக்கு அவர்களின் தலைவர்கள் இணங்கவில்லை. ஆகவே அன்டிலோப் கன்யன் தேசியப் பூங்கா அல்ல, நவஹோக்களின் சொந்தப் பூங்கா. அவர்களின் வழிகாட்டியோடுதான் போகலாம். "ஏன் சேர் தனியாப் போக விடமாட்டாங்க?" என்றார். 1997 ஓகஸ்ட் 12ஆம் திகதி அந்த ஒடுங்கிய பாறை இடுக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் அள்ளுண்டு போனார்கள். அவர்களின் தலைக்கு மேல் பெருமழை இல்லை. மழை பெய்தது பல மைல் தூரத்தில். வழிகாட்டி "வெளியே வா" என்றால் படம் எடுத்துக்கொண்டு நிற்காதே என்று சொல்லி வைத்தோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோடைக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளும் வழக்கம் அரிசோனாவில் இல்லை. அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ நிலத்தில் உண்டு. யூட்டாவில் உண்டு. கைத்தொலைபேசி ஒரே பின்னேரத்தில் இரண்டு மூன்று தடவை நேரம் மாற்றும். ரிக்கற் எடுக்கும்போதே எந்த ஊர் நேரம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள். லுஹரையும் அசரையும் போனின் செயலியை நம்பாமல் நிழலைப் பார்த்துக் கணக்கிடு என்றோம். பாலைவனத்தில் நிழலுக்கா பஞ்சம்?

சயனைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1909இல் பாதுகாக்கப்பட்டபோது பையூட் மக்களின் சொல்லால் 'முகுன்டுவீப்' என்றே பெயரிட்டார்கள். 1918இல் அதை எடுத்துவிட்டு, மோர்மன் குடியேறிகள் வழங்கிய வேதாகமப் பெயரை வைத்தார்கள். 1919இல் பூங்காவானது. கிழக்கிலிருந்து நுழையும்போது மலையைக் குடைந்த 1.1 மைல் சுரங்கப் பாதை வரும், 1930இல் திறந்தது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் பாறையில் யன்னல்கள் வெட்டியிருக்கிறார்கள். அதற்குள் காரை நிறுத்த அனுமதியில்லை, கண்ணால் மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

திட்டத்தை அனுப்பிவிட்டோம். நேற்றிரவு பதில் வந்தது. தண்ணீர் இரண்டு பெட்டி வாங்கியாயிற்றாம், ஹலால் கோழி பொரித்து எடுத்துக்கொள்கிறார்களாம். அந்தப் படத்தைத் தன் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, ஹிரால்டாவின் படத்தைப் போட்டிருக்கிறார். வியாழன் சுபஹுக்குப் பிறகு புறப்படுகிறார்கள். உம்மம்மாவுக்குக் காட்ட அந்தப் புதிய பெயர்ப் பலகையைப் படம் பிடித்து வரவேண்டுமாம். அதற்கு நாலரை மைல் இறங்க வேண்டும். ஒன்றரை மைலோடு திரும்பு என்று மறுபடியும் எழுதி அனுப்பினோம். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதிலைக் காணவில்லை.